நாய்க்கு ஆஸ்பத்திரி பில்: தேனிப் பக்கம் உதவி எங்கே கிடைக்கும்?

கம்பத்திலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். திராட்சைத் தோட்டத்துக் காவலுக்கு வளர்க்கிற நாய். நாலு நாளா சோறு தின்னலை, மூக்கில் ரத்தம். தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், ஊசி எல்லாம் போட்டுவிட்டு, இன்னும் அஞ்சு நாள் கொண்டு வரணும்னு சொல்லிட்டாங்க. “அண்ணே, இதுக்கு கவர்மெண்ட்டுல பணம் ஏதும் கொடுப்பாங்களா? இல்லைன்னா விட்டுரவா?”ன்னு கேட்கிறார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்த எபிசோடு.

முதல் கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன். தனியார் டாக்டரிடம் ஆன பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தா, வீட்டு நாய்க்கோ பூனைக்கோ பணம் திருப்பித் தர்ற அரசுத் திட்டம் எதுவும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மனுஷங்களுக்கு மட்டும்தான். ஆனா உதவியே இல்லைன்னு அர்த்தம் இல்லை. நம்ம ஊர்ல உதவி பணமா வராது, வைத்தியமா வரும். அதனால பில் வந்த பிறகு தேடுறதுல பிரயோஜனம் கம்மி. எந்த வாசலுக்கு முதல்ல போறோம்ங்கிறதுதான் செலவைத் தீர்மானிக்குது.

இங்கிலாந்தில் ஏழைகள் வளர்க்கும் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் பார்க்க 1917இல் மரியா டிக்கின் என்ற பெண்மணி லண்டனில் ஒரு மருந்தகம் தொடங்கினார். இன்றைக்கும் அந்த அமைப்பு நன்கொடையில்தான் ஓடுது. அங்கே தர்மமா நடக்கிற வேலையை இங்கே கால்நடை பராமரிப்புத் துறை செய்யுது. நாமதான் அதை ‘மாட்டாஸ்பத்திரி’ன்னு சொல்லிச் சொல்லி, மாட்டுக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். நாய், பூனை, கோழி, எதைக் கொண்டு போனாலும் பார்ப்பாங்க. டாக்டர் பார்க்கிறதுக்கு ஃபீஸ் கிடையாது. கையிருப்பில் உள்ள மருந்தும் இலவசம். இல்லாததை வெளியே வாங்க எழுதித் தருவாங்க.

அதில் படிநிலை இருக்கு. கிராமத்தில் இருக்கிறது கால்நடை மருந்தகம். அதுக்கு மேலே கால்நடை மருத்துவமனை, அதுக்கும் மேலே பன்முக மருத்துவமனை. மருந்தகத்தில் பெரும்பாலும் ஒரே டாக்டர்தான். அவர் தடுப்பூசி முகாமுக்கோ, எங்கேயோ பசு கன்று போட முடியாமல் தவிக்குதுன்னோ கிளம்பிப் போயிருக்கலாம். போன் பண்ணிட்டுப் போறது நல்லது. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் வேணும்னா மருந்தகத்தில் முடியாது. “மேல எங்க சார் கொண்டு போகணும்?”னு கேட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கோங்க. என்ன ஊசி போட்டாங்கன்னு அடுத்த டாக்டருக்குத் தெரிஞ்சா, அதே பரிசோதனையை மறுபடி எடுக்கிற செலவு மிச்சம்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரங்களுக்கு இப்போ இன்னொரு வாசலும் இருக்கு. வீரபாண்டி பக்கம் தப்புக்குண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கு. 2020இல் தொடங்கினது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட கல்லூரி. கால்நடை மருத்துவக் கல்லூரின்னா மாணவர்கள் பயிற்சிக்காக ஒரு சிகிச்சை வளாகமும் சேர்ந்தே இருக்கும். கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கட்டணம் உண்டு, ஆனா தனியாரைவிடக் குறைவு. மாணவர்கள் கூட்டமா நின்னு பார்ப்பாங்க, கொஞ்சம் நேரமாகும். அதனாலென்ன, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆளுங்களுக்கு மதுரை வரைக்கும் வண்டி பிடிக்கிற வாடகையே ஒரு பில் மாதிரிதானே!

1962ங்கிற இலவச எண்ணைப் பத்தியும் கேட்கிறாங்க. 2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 245 நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிகளை ஓட விட்டாங்க. டாக்டரே வண்டியில் வருவார். ஆனா அது முக்கியமா ஆஸ்பத்திரி தூரமா இருக்கிற கிராமங்களில் ஆடு மாடு பார்க்கறதுக்கு. நாய்க்கு வர முடியுமான்னு போனிலேயே கேட்டுடுங்க. வர முடியாதுன்னா, பக்கத்தில் எங்கே போகலாம்னும் அப்பவே கேட்டுக்கலாம்.

சரி, ராத்திரி நேரம், தனியார் கிளினிக்தான் திறந்திருக்கு. அப்போ என்ன செய்யறது? வாய் திறந்து கேட்கணும். நம்மாளுங்க கூச்சப்படறது இங்கேதான். “டாக்டர், என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு. இதுக்குள்ள முதல்ல எதைச் செய்யணும்?” இப்படிக் கேட்டா எந்த நல்ல டாக்டரும் தப்பா நினைக்க மாட்டார். எந்தப் பரிசோதனை இன்னைக்கே வேணும், எது ரெண்டு நாள் பொறுக்கும்னு அவரால் பிரிச்சுச் சொல்ல முடியும். மொத்தம் எவ்வளவு ஆகும்னு முன்னாடியே எழுதிக் கேளுங்க. தவணையா கொடுக்கலாமான்னும் கேளுங்க. டிரிப்ஸை இங்கே ஆரம்பிச்சு, மறுநாள் காலையில் அரசு ஆஸ்பத்திரியில் தொடர முடியுமான்னு கேட்கிறதும் தப்பில்லை.

மருந்துச் செலவிலும் மிச்சம் பிடிக்கலாம். உண்ணிக் காய்ச்சல்னு சொல்றோமே, உண்ணி கடிச்சு வர்ற ரத்தக் கிருமி, அதுக்குப் பெரும்பாலும் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் மனுஷங்களும் சாப்பிடுற பழைய மாத்திரைதான். மருந்தோட மூலப்பெயரை எழுதித் தரச் சொன்னா மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவா கிடைக்கும். வழக்கமா நாலு வாரம் வரை விடாமல் கொடுக்க வேண்டிய மாத்திரை, பாதியில் நிறுத்தக்கூடாது. இந்த யோசனையை டாக்டர் எழுதிய மருந்துக்கு மட்டும்தான் சொல்றேன். வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்தா பூனை செத்துப்போகும். நாய்க்கு இபுப்ரோஃபென் கொடுத்தா வயிறும் சிறுநீரகமும் கெடும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் வர்ற பில் அது.

இன்ஷூரன்ஸ்? நாய்க்குத் தனியார் கம்பெனிகள் பாலிசி தர்றாங்க. நோய் வந்த பிறகு எடுத்தா அந்த நோய்க்குக் கிடைக்காது, காத்திருப்புக் காலம் உண்டு, வயசு வரம்பு உண்டு. சில பாலிசி நாய் செத்தாத்தான் பணம் தரும், வைத்தியத்துக்குத் தராது. அதைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

ஆடு, மாடு வச்சிருக்கிறவங்களுக்குத்தான் பண உதவியே உண்டு. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024இல் காப்பீட்டு விதியை மாத்தி, பிரீமியத்தில் வளர்ப்பவர் பங்கை 15 சதவீதமா குறைச்சாங்க. மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும். காதில் தோடு இருக்கணும், தோடு விழுந்துட்டா உடனே சொல்லிடணும். கிசான் கிரெடிட் கார்டும் மாடு வளர்ப்புக்குக் கிடைக்கும், அடமானம் இல்லாத வரம்பு 2025லிருந்து 2 லட்சம். நாய்க்கு இது எதுவும் செல்லாது. அதே தோட்டத்தில், அதே காவலுக்கு நிக்கிற ஜீவன்தான், என்ன செய்ய!

தொண்டு அமைப்புகளைப் பத்தி ஒரு விஷயம். விலங்குகள் நல வாரியம் மானியம் கொடுக்குதுன்னு கேள்விப்பட்டு மனு போடுறவங்க இருக்காங்க. அந்த மானியம் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு, தனி ஆளுக்கு இல்லை. தமிழக அரசு 2022இல் அறிவிச்ச வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் திட்டமும் ஆதரவில்லாத பிராணிகளைப் பராமரிக்கிற அமைப்புகளுக்கானதுதான். உங்களுக்கு நேரடியா வராது, ஆனா பக்கத்தில் அப்படி ஒரு அமைப்பு இருந்தா, தெருநாய்க்கு அவங்க வழியா உதவி கேட்கலாம். மிலாப், கெட்டோ மாதிரித் தளங்களில் நிதி திரட்டலாம். டாக்டர் எழுதின மதிப்பீடு, பில், நாயோட போட்டோ எல்லாம் வேணும். தெரிஞ்சவங்க வாட்ஸ்அப் குரூப்பில் அதே பில்லைப் போட்டு, பணத்தை நேரா கிளினிக் கணக்குக்கே அனுப்பச் சொன்னா இன்னும் சீக்கிரம் சேரும்னு நான் நினைக்கிறேன். மீட்டர் வட்டிக்கு மட்டும் வாங்காதீங்க. நாய் பிழைச்ச பிறகும் அந்த வட்டி ஓடிக்கிட்டிருக்கும்.

இப்போ அந்த “விட்டுரவா?”. கொண்டுபோய் ரோட்டில் விட்டுட்டு வர்றது 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10லிருந்து 50 ரூபாய்தான், இன்னும் மாத்தலை. சட்டத்தை விடுங்க, நோயோட விட்ட நாய் உடனே சாகாது, பல நாள் கிடந்து சாகும். பிழைக்க வாய்ப்பே இல்லைன்னு டாக்டர் சொன்னா, வலியில்லாமல் அனுப்பி வைக்க அவரால் முடியும். அதுவும் ஒரு வைத்தியம்தான், அதைக் கேட்கிறதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை. ஆனா மூக்கில் ரத்தம்னதுமே அந்த முடிவுக்குப் போக வேண்டாம். உண்ணிக் காய்ச்சலா இருந்தா, சீக்கிரம் கண்டுபிடிச்சா நிறைய நாய் எழுந்துடும். தள்ளிப் போட்டாத்தான் ரத்தம் ஏத்துற நிலைமை வரும்.

கோம்பை நாய்க்குப் பேர் கொடுத்த ஊரே இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கு. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் அந்த இனத்தைப் பேர் சொல்லிப் பேசின பிறகு குட்டி கேட்டு வர்றவங்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குறாங்க, ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பிக்க வேண்டிய பார்வோ ஊசியை விட்டுடறாங்க. வெறிநாய்க்கடி ஊசிக்கு ஜூலை 6, செப்டம்பர் 28 ஒட்டி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச முகாம் நடக்கும். தேதியைக் குறிச்சு வச்சுக்கிட்டு, போட்ட ஊசிக்கு அட்டையும் வாங்கிக்கோங்க.