உறங்கிய பெருக்கியை எழுப்புவது எப்படி?

முப்பது ஆண்டுகள் மூடிக்கிடந்த ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே வால்வுகள், மின்மாற்றி, வரிசையாக நிற்கும் மின்தேக்கிகள், அவற்றின் மேல் தூசி. ஒரு காலத்தில் கடல் கடந்து குரலை எடுத்துச் சென்ற அமெச்சூர் வானொலிப் பெருக்கி அது. அதை மீண்டும் உயிர்ப்பிக்க விரும்புகிறார் அதன் புதிய சொந்தக்காரர். பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிடலாமா?

கூடாது. ஏன் கூடாது, வேறு என்ன செய்யவேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஓம் விதியும் மின்தேக்கியும் இங்கே ஒருவரின் உயிரைக் காக்கும் அறிவாக மாறுவதையும் காணலாம்.

பெட்டியின் கதை

எடுத்துக்காட்டாக ஹீத்கிட் எஸ்.பி.-200 என்னும் பெருக்கியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பர் நகரில் இருந்த ஹீத் நிறுவனம் 1964-இல் இதை வெளியிட்டது. விமானம் கட்டுவதற்கான உறுப்புகளை விற்ற நிறுவனம் அது. 1947-இல் மின்னணுக் கருவிகளின் பக்கம் திரும்பியது. கருவியை முழுதாகச் செய்து விற்காமல், உறுப்புகளையும் விளக்கப் புத்தகத்தையும் பெட்டியில் இட்டு அனுப்பும். வாங்கியவர் தம் வீட்டு மேசையில் ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக் கூட்டிக்கொள்வார். 1992-இல் அந்த வணிகம் நின்றுபோயிற்று. ஆனால் அன்று கூட்டப்பட்ட பெட்டிகள் பல இன்னும் இருக்கின்றன.

இப்பெருக்கியின் வேலை என்ன? அலைபரப்பியிலிருந்து வரும் 100 வாட் அளவான அலையைப் பல மடங்கு பெருக்கி ஏரியலுக்கு அனுப்புவது. இதற்கென 572பி என்னும் வால்வுகள் இரண்டு இணையாக உள்ளன.

ஏரியின் மடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மடைப் பலகையை ஒரு சாண் தூக்குவதற்கு வேண்டிய வலிமை கொஞ்சம்தான். ஆனால் பாய்ந்துவரும் நீரின் ஆற்றல் மிகப் பெரிது. அந்த ஆற்றல் பலகையைத் தூக்கியவனுடையது அன்று, ஏரியினுடையது. வால்விலும் இதே கதைதான். சூடான இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு நேர்மின்வாயை நோக்கி ஓடுகின்றன. இடையில் உள்ள கிரிட் என்னும் கம்பி வலையே மடைப் பலகை. ஏரி எது? சுமார் 2,400 வோல்ட் தரும் உயர் மின்னழுத்தப் பகுதி. ஏரி பெரிது என்பதால் ஆபத்தும் பெரிது.

முதல் வேலை: பார்ப்பது

பிளக் சுவரில் இல்லாதபோதே பாதிக் குறைகள் தெரிந்துவிடும். கருகிய மின்தடை, மேல்மூடி உப்பிய மின்தேக்கி, எலி கடித்த கம்பி, எரிந்த வாசனை ஆகியவற்றைக் கண்ணும் மூக்கும் காட்டிக்கொடுக்கும். வீட்டில் கூட்டிய கருவியாதலால் இன்னொன்றையும் தேடவேண்டும். ஈயம் சரியாக உருகி ஒட்டாமல் மங்கலாக நிற்கும் இணைப்புகள்தான் அவை. ரேடியோ மெக்கானிக்குகள் இதை 'டிரை சால்டர்' என்பார்கள். கூட்டிய அன்று நன்றாக இருந்தாலும், பல்லாயிரம் முறை சூடேறிக் குளிர்ந்தபின் அது விட்டுவிடும்.

பெட்டி நம் நாட்டுக்கு வந்திருந்தால் மற்றுமொரு சோதனை மிக முக்கியம். அமெரிக்க வீடுகளின் மின்னழுத்தம் 120 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். இதன் மின்மாற்றியில் முதன்மைச் சுருள்கள் இரண்டு உண்டு. 120 வோல்ட்டுக்கு அவற்றைப் பக்க இணைப்பிலும், 240 வோல்ட்டுக்குத் தொடர் இணைப்பிலும் அமைக்கவேண்டும். பக்க இணைப்பில் இருக்கும் பெருக்கியை நம் வீட்டில் செருகினால் எல்லா மின்னழுத்தங்களும் ஏறக்குறைய இரு மடங்காகும். அதன்பின் பழுதுபார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சாது.

தேங்கிய மின்னூட்டம்

இந்தப் பெருக்கியில் 125 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகள் ஆறு தொடர் இணைப்பில் உள்ளன. மாறுதிசை மின்னோட்டத்தின் ஓர் அரைச்சுற்று மேல் மூன்றையும், மறு அரைச்சுற்று கீழ் மூன்றையும் தலா 1,200 வோல்ட்டுக்கு மின்னேற்றுகிறது. இரண்டும் சேர்ந்து 2,400 வோல்ட். அதாவது ஒவ்வொரு மின்தேக்கிக்கும் 400 வோல்ட்.

ஆறும் தொடரில் இருப்பதால் மொத்த மின்தேக்குதிறன் 125-ஐ ஆறால் வகுத்தால் வருவது. சுமார் 21 மைக்ரோஃபாரட். தேங்கும் ஆற்றல் ½CV². கணக்கிட்டுப் பாருங்கள்: 60 ஜூல். ஆறு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கத் தேவையான ஆற்றல் அது. மிகுதியாகத் தோன்றவில்லை அல்லவா? ஆனால் அது நொடியின் சிறு பகுதிக்குள் மனித உடல் வழியாகப் பாய்ந்தால் இதயம் நின்றுவிடக்கூடும்.

சுவிட்சை அணைத்தபின் இந்த மின்னூட்டம் வடிய ஒவ்வொரு மின்தேக்கியின் குறுக்கேயும் 30,000 ஓம் மின்தடை ஒன்று உண்டு. R-ஐ C-யால் பெருக்கினால் 3.75 நொடி. அதைப் போல் ஐந்து மடங்கு நேரத்தில், அதாவது 19 நொடியில், மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நிம்மதி!

அந்த ஆறு மின்தடைகளில் ஒன்று உள்ளுக்குள் அறுந்துபோயிருந்தால்? ஐந்து மின்தேக்கிகள் வடிந்துவிடும். ஆறாவது 400 வோல்ட்டுடன் அப்படியே காத்திருக்கும். "அதற்கென்ன, வரிசையின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் தொட்டுவிட்டால் போயிற்று" என்று நீங்கள் சொல்லலாம். இங்கேதான் பொறி இருக்கிறது.

தொட்டவுடன் ஆறாவது மின்தேக்கியிலிருந்து புறப்படும் மின்னூட்டம் மற்ற ஐந்தின் வழியாகத்தான் போயாகவேண்டும். போகும்போது அந்த ஐந்தையும் எதிர்த்திசையில் மின்னேற்றுகிறது. ஐந்தும் தொடரில் சேர்ந்தால் 25 மைக்ரோஃபாரட்தான். ஆறாவது 67 வோல்ட் இறங்குவதற்குள் மற்ற ஐந்தும் சேர்ந்து எதிராக 333 வோல்ட்டை எட்டிவிடும். ஓட்டம் நின்றுவிடும். இரு முனைகளுக்கிடையே அளந்தால் சுழி! ஆனால் ஆறாவது மின்தேக்கியில் இன்னும் 333 வோல்ட் இருக்கிறது. கம்பியை எடுத்தபின் மற்ற ஐந்தும் தத்தம் மின்தடை வழியே மீண்டும் வடியும்; சில நொடிகளில் முனைகளிலும் 333 வோல்ட் தலைகாட்டும்.

ஆகையால் அனுபவசாலிகள் மொத்தத்தை மட்டும் அளந்து நிறைவடைவதில்லை. பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, காப்பிட்ட கோலின் நுனியில் உள்ள மின்தடை வழியாக ஒவ்வொரு மின்தேக்கியையும் தனித்தனியே வடித்து, தனித்தனியே அளக்கிறார்கள். ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வதும் அவர்களின் வழக்கம். இரு கைகளும் கருவியைத் தொட்டால் மின்னோட்டம் மார்பின் குறுக்கே பாய வழி கிடைத்துவிடும்.

ஏன் மெல்ல எழுப்பவேண்டும்?

இவ்வகை மின்தேக்கிகளில் அலுமினியத் தகட்டின் மேல் படிந்த ஆக்சைடு படலமே காப்புப் பொருள். ஒரு வோல்ட்டுக்கு ஒரு நானோமீட்டரைவிடச் சற்று அதிகம் என்ற கணக்கில் அது மிக மெல்லியது. மின்னழுத்தம் இருக்கும்வரை படலம் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அங்கங்கே நலிந்துவிடும். அந்நிலையில் முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் பெருகி, சூடேறி, மின்தேக்கி வெடிக்கவும் கூடும். அதிலும் ஒன்று குறுக்கிணைந்து போனால், அந்தப் பாதியின் 1,200 வோல்ட்டை மீதி இரண்டும் 600 வீதம் தாங்கவேண்டும். அவற்றால் தாங்க முடிந்தது 450தானே! ஒன்று வீழ்ந்தால் அடுத்ததும் வீழும். இத்தனை வயதான மின்தேக்கிகளை ஆறையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

மாற்றியபின்னும் நேராகச் சுவிட்சைப் போடுவதில்லை. நம் ஊர் எலெக்ட்ரீஷியன் 'சீரிஸ் போர்டு' வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்று கருவிக்குத் தொடர் இணைப்பில் இருக்கும். உள்ளே குறுக்கிணைப்பு இருந்தாலும் மின்னோட்டம் 0.43 ஆம்பியரைத் தாண்டாது. பல்பு முழு ஒளியுடன் எரியும், அவ்வளவுதான்.

வால்வுகளைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். மின்தேக்கிகள் மின்னேறும்போது பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் எல்லாம் நலம். பல்பு மங்கவே இல்லையென்றால்? பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கிகளை வடித்து, மின்மாற்றியிலிருந்து டையோடு வரிசைக்குப் போகும் கம்பியைப் பிரித்து, மீண்டும் பார்க்கவேண்டும். இப்போது மங்கினால் குற்றவாளி டையோடு அல்லது மின்தேக்கி. இன்னும் எரிந்தால் மின்மாற்றி. ஒரே கேள்வியால் சந்தேகத்துக்குரியவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறதல்லவா? பழுது கண்டுபிடிக்கும் கலையின் சாரம் இதுவே.

பொய் சொல்லும் மீட்டர்

இனி வால்வுகளைச் செருகியாயிற்று. இழைகள் வழக்கமான ஒளியுடன் எரிகின்றன. முகப்பு மீட்டரோ 2,400-க்குப் பதில் 1,800 வோல்ட் காட்டுகிறது. மின்மாற்றி கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு செய்தால் பெரும் செலவு.

சற்று யோசிப்போம். வீட்டு மின்னழுத்தமே குறைவு என்றால் இழைகளும் மங்கியிருக்கவேண்டும், மங்கவில்லை. ஒரு பக்க டையோடு வரிசை அறுந்திருந்தால் மின்னழுத்தம் பாதியாகி, 1,200-ஐ ஒட்டி நிற்கும், நிற்கவில்லை. அப்படியானால் மீட்டரையே சந்தேகிக்க வேண்டாமா?

மீட்டர் உண்மையில் அளப்பது மிகச்சிறிய மின்னோட்டத்தை. மின்னழுத்தத்தை அளக்க அதனுடன் மெகாஓம் கணக்கில் கரிம மின்தடைகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். வெப்பத்தாலும் ஈரத்தாலும் பல ஆண்டுகளில் இவற்றின் மதிப்பு உயர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது என்று வைத்துக்கொண்டால், ஓம் விதிப்படி மின்னோட்டம் முக்கால் பங்காகும். 2,400-இல் முக்கால் பங்கு எவ்வளவு? சரியாக 1,800!

இதை உறுதி செய்ய உயர் மின்னழுத்தத்தின் அருகே போகவேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கி, வடித்து, அந்த மின்தடைகளின் ஒரு முனையைப் பிரித்து ஓம்மீட்டரால் அளந்தால் போதும். சில ரூபாய் பெறும் மின்தடைகளை மாற்றினால் குறை தீர்ந்தது. இந்தப் பொய் ஆபத்தானதும் கூட. மீட்டர் காட்டுவதைவிட உள்ளே இருப்பது அதிகம் என்பதை மறவாதீர்கள்.

அலை போகிறது, வரவில்லை

கடைசியாக ஒரு விந்தையான குறை. நாம் பேசினால் தொலைவில் உள்ளவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவர் பேசினால் நமக்கு ஒரு சமயம் கேட்கிறது, ஒரு சமயம் மங்குகிறது. ஏரியல் ஒன்றுதானே?

ஏரியலை அலைபரப்பும்போது பெருக்கியின் வெளிவாயிலுக்கும், கேட்கும்போது ஏற்பிக்கும் மாற்றிவிடுவது ஒரு ரிலே. அதன் வெள்ளித் தொடுமுனைகளில் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுப்புப் படலம் படியும். வீட்டு வெள்ளிக் கொலுசு கறுப்பது போலத்தான். அலைபரப்பும் போது வரும் வலிய மின்னழுத்தம் அந்தப் படலத்தைத் துளைத்துச் சென்றுவிடும். ஏரியலில் பிடிபடும் அலையோ மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும். அதற்குப் படலம் பெரும் சுவர். தொடுமுனைகளுக்கிடையே சுத்தமான காகிதத் துண்டை வைத்து மெல்ல இழுத்தால் படலம் அகலும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

உங்களுக்கு ஒரு சொல்

மாணவ நண்பர்களே! இதைப் படித்ததும் பழைய வால்வுக் கருவி ஒன்றைத் திறந்து பார்க்க உங்களுக்கு ஆவல் பிறக்கலாம். ஆவல் நல்லது, ஆனால் 2,400 வோல்ட் உங்களுக்கு இரண்டாம் வாய்ப்புத் தராது. இத்தகைய கருவியை அனுபவமுள்ளவர் அருகில் இல்லாமல் திறக்காதீர்கள். இந்தியாவில் அமெச்சூர் வானொலி நிலையத்தை இயக்க, தேர்வில் தேறி மத்திய அரசின் உரிமம் பெறவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் பழுது பார்க்கும் முறையை இன்றே பழகத் தொடங்கலாம். எரியாத டார்ச் விளக்கையோ ஓடாத சுவர்க் கடிகாரத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாருங்கள், பிறகு ஒரு கேள்வி கேளுங்கள், அதன் விடை சந்தேகங்களைப் பாதியாக்கட்டும். காரணம் தெரியாமல் எந்த உறுப்பையும் மாற்றாதீர்கள். அளக்கும் கருவியையும் ஒரு முறை சந்தேகித்துப் பாருங்கள்.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன வரிசையில் ஆறுக்குப் பதில் நான்கு மின்தேக்கிகளே இருந்து, அவற்றுள் ஒன்று மட்டும் 400 வோல்ட்டுடன் வடியாமல் நிற்கிறது. முனைகளைக் கம்பியால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் அதில் எஞ்சும் மின்னழுத்தம் எவ்வளவு? விடை 300 வோல்ட் என்று வந்தால், உங்கள் கணக்கு சரி.