பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் கோதுமை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எனப் பாதிப்புகள் தொடரும். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1940-களில் நிறுவியவர் டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே. இன்றும் குளூட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதே சிகிச்சை. ஆனால் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் முடிவு தவறாக வரலாம்.

தமிழ்ச் சமையலறையில் குளூட்டனைத் தவிர்ப்பது பெரிய கஷ்டமில்லை என்றே தோன்றும். இட்லி, இடியாப்பம், ஆப்பம், கம்பங்கூழ் எதிலும் குளூட்டன் இல்லை. சிக்கல் சாம்பாரில் தொடங்குகிறது: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. லேபிளைப் படித்து வாங்க வேண்டும். கோதுமை அரைத்த மில்லிலேயே கேழ்வரகை அரைத்தாலும், ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசை வார்த்தாலும் குளூட்டன் ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் 'குளூட்டன் இல்லாதது' என விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது.

இத்தகைய நுணுக்கங்களை மருத்துவரைவிட, இதே நோயோடு வாழ்பவர்களே நன்றாகச் சொல்வார்கள். எந்தப் பெருங்காயம் சரி, பயணத்துக்கு எதைக் கட்டிக்கொள்வது, கல்யாணப் பந்தியில் "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்தும் அத்தையிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.