காற்றின் திசையும் மீன் பிடித்தலும்

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். அது காற்றின் வேகத்தைச் சொல்லுகிறதேயன்றித் திசையைச் சொல்லவில்லை. கடலில் மீன் பிடிப்போருக்கோ திசையே பிரதானம்.

இராமேசுவரம் தீவிற்குத் தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக் விரிகுடாவும் உள்ளன. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று திறந்த கடலின்மேல் நெடுந்தூரம் ஓடிவருவதால் தென்கரையில் அலை மிகுகிறது. வடகரைக்கு அதே காற்று நிலத்தைக் கடந்து வருவதால் அங்கே கரையோர அலை சிறிதே. ஐப்பசிக்குப்பின் வாடை அடிக்கத் தொடங்கியதும் இந்நிலை தலைகீழாகும். ஆதலின் வலைஞர் பலர் பருவந்தோறும் படகுகளைக் கரை மாற்றிக்கொள்ளுகின்றனர். கிராம அதிகாரிகள் இதனை ஊரைவிட்டு ஓடுதலாகக் கருதலாகாது. களத்தில் நெல் தூற்றுவோன் காற்றைப் பார்த்து நிற்குமிடத்தை மாற்றுவது போன்றதே இது.

ஆயினும் இவ்வனுபவம் பருவக் காற்றுக்கே பொருந்தும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது போன்ற புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். புயலின் மையம் ஊரைக் கடக்கையில் காற்று திடீரென ஓய்ந்து, பின்னர் எதிர்த்திசையிலிருந்து சீறும். அவ்வோய்வை நம்பிப் படகைப் பார்க்க ஓடுவோர் உயிரிழக்க நேரும். எச்சரிக்கை நீங்கியதாக அறிவிப்பு வரும்வரை ஒருவரையும் கரைக்கு விடலாகாது.