நிணநீர்ப் புற்றும் செவிலியர் பணியும்

சென்ற ஆண்டு டில்லியில் என் தமையனாருக்கு ஹாட்ஜ்கின் நோய் கண்டது. உயிர்வேதியியல் பயிலும் நான் அந்நோயைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் நோயாளியைப் பேணுவது எப்படி என்பதை ஒரு செவிலியிடமே கற்றேன். அதை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் உடலெங்கும் ஓடுகின்றன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் அவற்றினிடையே அவரை விதை போன்ற கணுக்கள் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களின் பாசறைகள் அவை. அவ்வணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதே நிணநீர்ப் புற்று. அதில் ஒரு வகையை 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற இலண்டன் மருத்துவர் விவரித்தார். இன்று அது பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய்.

அண்ணனுக்கு இரு வாரங்களுக்கு ஒரு முறை நான்கு மருந்துகளைச் சிரையின் வழியே செலுத்தினார்கள். அவற்றுள் வின்பிளாஸ்டின் என்பது நம் ஊர் நித்தியகல்யாணிச் செடி தருவது. பெயர் மங்கலமானதுதான், ஆனால் சிரையை விட்டுக் கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். உடனே மருந்தை நிறுத்தி, வெப்பமான ஒத்தடம் தரவேண்டும். மற்றொரு மருந்தான டாக்சோருபிசின் கசிந்தாலோ குளிர்ந்த ஒத்தடம்! இவ்வேறுபாட்டை அறிந்து, "எரிகிறதா, எரிகிறதா?" என்று கேட்டவாறு அருகிலேயே நின்றவர் செவிலி.

அவர் மலையாளத்துப் பெண்மணி. என் தாயாருக்கு இந்தி தெரியாது. ஆகவே தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: "காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுநிசியானாலும் கூட்டி வாருங்கள், அம்மா. மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்."

மருந்து ஏற்றிய பத்தாம் நாள் இரவு வெப்பமானி 101 காட்டியது. இருமல் இல்லை, புண்ணும் இல்லை. "ஒரு பாரசிட்டமால் கொடுப்போம், காலையில் பார்க்கலாம்" என்றேன் நான். தாயார் செவிலியின் சொல்லை விடவில்லை. டாக்ஸி பிடித்து ஓடினோம். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் மருந்தை ஏற்றினார்கள். பின்னர் வந்த முடிவில், நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இருந்தன!

காரணம் இதுதான். புற்றணுக்களை அழிக்கும் மருந்து, வேகமாகப் பெருகும் எலும்பு மச்சை அணுக்களையும் தாக்குகிறது. பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் நியூட்ரோபில்கள் மிகக் குறைந்துவிடும். சீழ் பிடிப்பதற்கே அவ்வணுக்கள் வேண்டும். அவை இல்லாதபோது கிருமி புகுந்தாலும் வெளியில் அடையாளம் தோன்றாமற் போகலாம். காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கையாக இருக்கும். மாத்திரை அதையும் மறைத்துவிடும். இவையெல்லாம் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவையே. வேண்டிய வேளையில் நினைவுக்கு வரவில்லை.

மற்றப் பணிகள் எளியவை. தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுதல், உப்பு நீரால் வாய் கொப்பளிக்கச் செய்தல், மென்மையான பிரஷ் கொடுத்தல், நன்கு வெந்த உணவளித்தல், சளி பிடித்தவர்களை அண்டவிடாமை ஆகியவை. எளியவை என்று ஒரு நாள் விட்டாலும் துன்பம்தான்.

அண்ணன் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். ஊரைவிட்டு வந்து விடுதிகளில் வாழும் நண்பர்களே, கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி சில வாரங்கள் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உங்களவர் யாரேனும் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றால், செவிலி சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் படிப்பைவிட அந்த ஒரு வாக்கியமே உதவிற்று.