"நெஞ்சு படபடங்குதுங்க சிஸ்டர்"

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. கோவையில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம். அப்போது நான் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். அந்த நாளைவிட அதற்குப் பின் வந்த மாதங்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

பூ விற்கும் ஓர் அம்மா வாரம் தவறாமல் வருவார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "நெஞ்சு படபடங்குதுங்க சிஸ்டர், கைகாலெல்லாம் ஓஞ்சு போகுது" என்பார். ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கும். சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவோம். "மனசு கஷ்டமா இருக்குதாங்கம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." அடுத்த வாரம், "ராத்திரி தூக்கம் வருதுங்களா?" என்றேன். அவ்வளவுதான், உடைந்துவிட்டார். கடை ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டாலே கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறாராம். அத்தனை மாதமும் அவர் எதையும் மறைக்கவில்லை. உடம்பைக் கொண்டு சொன்னார்; எங்கள் காதில்தான் ஏறவில்லை.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் அவதியைப் பார்த்து, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்தப் பாதிப்பை ஒரு நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், நினைவு திரும்பத் திரும்ப வருதல் என்பவை அதன் அறிகுறிகள். அந்தப் பட்டியல் தேவையானதுதான். ஆனால் நம் ஊரில் முதலில் வருவது நெஞ்செரிச்சலும் தலைபாரமும். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே வைத்தியம் பார்த்த டாக்டர் தயா சோமசுந்தரமும் உடம்பு வலியாக வரும் இந்தத் துயரத்தைப் பதிவு செய்திருக்கிறார். போர் தனியாளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பது அவர் வாதம்.

ஒரே ஊருக்குள்ளும் துக்கம் ஒன்றுபோல் இருப்பதில்லை. எங்கள் பக்கத்து எழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். அழாதவளைப் பார்த்து, "கல்லாட்டம் உக்காந்திருக்கறாளே" என்று பதறுவார்கள். கோட்டைமேட்டு முஸ்லிம் வீடுகளில் சத்தமிட்டு அழுவதை மார்க்கம் விரும்புவதில்லை. கணவரை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் துக்கக் காலம் காப்பார். அந்த அமைதியைப் பார்த்து, "துக்கமே இல்லை போல" என்று எங்களில் சிலர் பேசினார்கள். அது பெரிய தவறு. அன்றே நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது பெரிய அதிர்ச்சியைக் கண்டிருந்தால், "கவலையா?" என்று கேட்காதீர்கள். தூக்கம் வருதா, சோறு இறங்குதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். அதற்கு மேல் உதவி வேண்டுமென்றால், மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.