எறும்பரசியை இனங்காணல்

மழை ஓய்ந்த அந்தியில் ஈசலோடு எறும்பினங்கள் பலவும் மணப்பறப்புக்கு எழுகின்றன. கலவி முடித்துத் தரையிறங்கும் பெண்ணெறும்பு தன் சிறகுகளைத் தானே உதிர்த்து, வளைக்கு இடம் தேடும். அவ்வேளையில் அதைப் பிடித்துக் கண்ணாடிக் குழாயில் இட்டவர், நிறத்தையும் நீளத்தையும் கொண்டே இனத்தை அறிய முயல்கின்றார். அவ்விரண்டும் கடைசியில் நோக்க வேண்டியவை.

முதலில் ஈசலை விலக்குக. அதற்கு இடை ஒடுங்காது. உணர்கொம்பு மணி கோத்தாற்போல் நேராக நீளும். எறும்பின் உணர்கொம்போ நீண்ட முதற்கணுவை அடுத்து மடங்கும். பருத்த நடுவுடலின் பக்கங்களில் சிறகு உதிர்ந்த வடுக்கள் தெரிந்தால் அவள் அரசியே.

இனி இடையை நோக்குக. துணைக்குடும்பத்தைப் பிரிக்கும் திறவு அங்கேதான் உள்ளது. இடையில் இரு கணுக்கள் இருப்பின் பெரும்பாலும் நெருப்பெறும்பின் சுற்றம். ஒரே கணுவும், பின்வயிற்றின் முதல் வளையத்தை அடுத்து ஓர் ஒடுக்கமும், வலிய கொடுக்கும் இருப்பின் பொனெரா வழியினள். ஒரே கணுவுடன், கொடுக்கின்றி, பின்வயிற்று நுனியில் மயிர் சூழ்ந்த வட்டத்துளை தென்பட்டால் கட்டெறும்பின் கிளை. அத்துளை வழியேதான் ஃபார்மிக் அமிலம் பீறிடும். அதைக் காணக் கைவில்லை வேண்டும்.

இப்பாகுபாடு வெறும் பெயர்சூட்டல் அன்று. கட்டெறும்பின் அரசி வளையை அடைத்துக்கொண்டு, பயனற்றுப்போன சிறகுத் தசைகளைக் கரைத்தே முதற்குஞ்சுகளை ஊட்டுவாள். அவளுக்கு இரை வேண்டா, இருளும் ஈரமும் போதும். பொனெரா அரசியருள் பலர் வெளியே வேட்டையாடித் திரும்புவர், உணவிடாவிடின் மடிவர். தென்னாட்டிலும் வாழும் டயக்காமா பேரினத்துக்கோ தனி அரசியே இல்லை. முட்டையிடும் வேலையாள் ஒருத்தி, புதிதாய் வெளிவரும் உடன்பிறப்புகளின் நடுவுடலிலுள்ள சிறு மொட்டுறுப்புகளைக் கடித்து அறுத்து, அவர்களை என்றும் பணியாளராக்கி விடுகிறாள். ஆகவே டயக்காமா அரசி அகப்பட்டதாகச் சொல்பவர் மீண்டும் பார்ப்பது நன்று.

நிறம் உடனே காட்டிக்கொடுக்கும் அரசியும் உண்டு. இலை தைக்கும் முயிற்றின் அரசி பச்சை நிறத்தவள். செந்நிற வேலையாட்களைக் கண்டு பழகியவருக்கு அது வியப்பே.

பேரினம் வரை அரசியைக் கொண்டே செல்லலாம். சிற்றினத்துக்கு, முதல் வேலையாட்கள் பிறக்கும் வரை பொறுத்தலே முறை. இனங்காண் அட்டவணைகள் பலவும் வேலையாட்களை வைத்தே எழுதப்பட்டவை. இருகணு அரசியின் பேரினம் ஐயமாயிருப்பினும் அவர்களே தீர்ப்பர்: உணர்கொம்பில் 10 கணுக்களும் நுனியில் இருகணுக் குமிழும் இருப்பின் நெருப்பெறும்பின் பேரினம், 12 கணுக்களும் முக்கணுக் குமிழும் இருந்து, பின்னாளில் பெருந்தலை வீரரும் தோன்றினால் ஃபெய்டோல்.