தீர விசாரிப்பதே மெய்

கோகுல்ராஜை நாம் மறந்திருக்க முடியாது. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி, தலித் இளைஞர். 2015 ஜூன் 23 அன்று, உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார்.

அந்த வழக்கில் இரண்டு வீடியோக்கள் உண்டு. ஒன்றில், தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவரே பேசுகிறார். முகம் அவருடையது, குரலும் அவருடையது. ஆனால் சொன்னது பொய். கடத்தியவர்கள் மிரட்டிப் பேச வைத்து எடுத்தது அது. இன்னொன்று கோயிலின் சிசிடிவி கேமராவில் பதிவானது. அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் உண்மை அதில்தான் இருந்தது.

2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர், 2023 ஜனவரியில் அந்தக் கோயிலுக்கே நேரில் சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். ஜூன் மாதம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள்.

இன்று அப்படி ஒரு பொய் வீடியோ எடுக்க ஆளைக் கடத்த வேண்டியதில்லை. சில புகைப்படங்களும் கொஞ்சம் குரல் பதிவும் போதும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒருவரின் முகம் அசையும் விதத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கற்றுக்கொண்டு, அவர் சொல்லாததைச் சொல்ல வைக்கும். இதைத்தான் ‘டீப்ஃபேக்’ என்கிறார்கள். 2018-ல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டுமாகத் தோன்றி வாழ்த்திப் பேசினார். அது யாரையும் ஏமாற்றச் செய்ததல்ல. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டிய வீடியோ நாடெங்கும் பரவியது. நடிகைக்காகப் பேச நாடே இருந்தது. கல்லூரிக்குப் போகும் நம் தெருப் பிள்ளைக்கு இது நடந்தால்? சாதி மாறிக் காதலித்தவளை மிரட்ட இதைவிடச் சுலபமான ஆயுதம் கிடையாது. அப்படி ஒரு படம் வந்தால் முதலில் வீட்டார் செய்ய வேண்டியது, அவள் படிப்பை நிறுத்துவதல்ல; அவள் பக்கம் நிற்பது.

பொய் வீடியோவுக்குப் பெரிய தொழில்நுட்பம்கூடத் தேவையில்லை. ஒரு கத்தரிக்கோல் போதும். 2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் என்று நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வருபவர்கள் குழந்தையைத் தூக்கிச் சென்று, பிறகு திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பரப்பினார்கள். அந்த வதந்திக் காய்ச்சலில்தான் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்கள் பேய்களல்ல. கிராமத்து மக்கள், தங்கள் பிள்ளைகளுக்காகப் பயந்தவர்கள்.

நம் பயத்தையும் கணக்குப் போட்டு வீடியோ தயாரிக்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், எஸ்சி, எஸ்டி, ஓபிசி இடஒதுக்கீட்டை ரத்து செய்வோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசியதாக ஒரு வீடியோ வந்தது. தெலங்கானாவில் முஸ்லிம்களுக்கான இடஒதுக்கீட்டை ரத்து செய்வதாக 2023-ல் அவர் பேசியதை வெட்டி ஒட்டியது அது. நம்மில் பலர் யோசிக்காமல் அனுப்பினோம். ஒருவர் பேச்சை எதிர்க்க வேண்டுமானால், அவர் உண்மையில் பேசியதை வைத்தே எதிர்க்க முடியும். பொய்யை எடுத்துக்கொண்டு போனால் நம் நியாயமும் சேர்ந்து அடிபடும்.

அப்படியானால் எதையும் நம்ப வேண்டாமா? இங்கேதான் நமக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். அடித்தவர்கள் தரப்பே அந்த வீடியோவைப் பெருமையாகப் பரப்பியது. அதைப் பார்த்துத்தான் நாடு கொதித்தது. அந்த வீடியோ இன்று வந்திருந்தால், ‘இதெல்லாம் ஏஐ’ என்று ஒரே வரியில் தள்ளிவிடப் பார்த்திருப்பார்கள். நம் வார்த்தையை நம்பாத காவல் நிலையத்தில், செல்போன் பதிவு ஒன்றுதான் நமக்குச் சாட்சி. எல்லா வீடியோவும் பொய் என்று ஆகிவிட்டால், அந்தச் சாட்சியும் போய்விடும்.

எனவே சந்தேகப்படுவதையும் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். உதடு ஒட்டவில்லை, விரல் ஆறு இருக்கிறது என்று பொய்யைக் கண்டுபிடித்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணை மட்டும் நம்பாமல் கேள்வி கேட்போம். எடுத்தது யார்? எந்த ஊர், எந்த நாள்? இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? வேறு எந்தச் செய்தித்தாளாவது எழுதியிருக்கிறதா? அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்கலாம். வீடியோவின் ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், பழைய வீடியோவா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் வெளியிடும் விளக்கங்களையும் பார்க்கலாம். பார்த்தவுடன் ரத்தம் கொதிக்கிறதா? அப்போதுதான் கூடுதலாக நிதானம் வேண்டும்.

நாமே ஒரு வன்கொடுமையைப் பதிவு செய்தால், அதைக் காப்பாற்றுவதும் நம் பொறுப்பு. எடுத்த போனிலேயே மூல வீடியோவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பாட்டுச் சேர்ப்பதோ, எழுத்துப் போடுவதோ, வெட்டுவதோ கூடாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கி, நாள், நேரம் போன்ற விவரங்கள் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். யார், எங்கே, எப்போது எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் ‘ஹாஷ்’ எண்ணும் இருக்கும். அது வீடியோவின் கைரேகை மாதிரி. பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

நம் மக்கள் மீது பகையைத் தூண்டும் வீடியோ பரவினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. அந்தச் சட்டம் தொடர்பான தேசிய உதவி எண் 14566. இணையக் குற்றங்களுக்கு 1930.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்’ என்று பாதியோடு நிறுத்தினால், குற்றவாளிக்குத்தான் வசதி. தீர விசாரிப்பது என்ற மீதியும் வேண்டும். கோகுல்ராஜுக்காக இரண்டு நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே போனார்கள். நம் கையில் இருக்கும் வீடியோவுக்காக ஒரு போன் செய்வது நமக்குப் பெரிய வேலையில்லை.